பள்ளி மணிக்கு முன்னே புறப்படும் வீடுகள்

குறிஞ்சிப்பாடியில் குழித்தறி இருந்த வீட்டில் பிறந்தவள் நான். அப்பா தறிக்குழியில் இறங்குவதற்கு முன்னால் அன்றைக்கு வேண்டிய நூல் தார்களைச் சுற்றி வைத்துவிட வேண்டும். அது பிள்ளைகளின் வேலை. வலது கை ராட்டையைச் சுற்றும், இடது கை நூலைப் பிடித்திருக்கும், வாய் மட்டும் சும்மா இருக்கும். அந்த வாய்க்கு நாங்கள் வாய்ப்பாட்டையும் மனப்பாடச் செய்யுளையும் கொடுத்தோம். பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் எங்கள் தெருப் பிள்ளைகள் தடுக்காமல் சொல்வார்கள். எழுதிவரச் சொன்ன கணக்கு மட்டும் ஒருநாளும் எழுதியிருக்காது. எங்களுக்கு வாய்தான் நீளம், கை சோம்பல் என்று ஒரு வாத்தியார் சொல்லிக்கொண்டே இருப்பார். கை தாரில் இருந்தது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை கூலி நாள். அதற்குள் துணியை முடித்து முதலாளி வீட்டில் சேர்க்க வேண்டும் என்பதால் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வகுப்பில் எங்கள் வரிசை பாதி காலியாகக் கிடக்கும். வெள்ளிக்கிழமை நடத்திய பாடம் எங்கள் தெருவுக்குள் வந்ததே இல்லை. நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போனபோது என் பங்குத் தாரை அம்மா எடுத்துக்கொண்டாள். ராத்திரிச் சமையல் முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, விளக்கைக் கிட்டத்தில் இழுத்து வைத்துக்கொண்டு சுற்றுவாள். நான் ஆசிரியை ஆனது அப்படித்தான். அப்படி எடுத்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டுப் பெண்கள், என்னைவிட நன்றாகப் படித்தவர்கள், எட்டாம் வகுப்போடு நின்றார்கள்.

பாடத்திட்டம் சென்னையில் எழுதப்படுகிறது. அதில் எவ்வளவு பிள்ளைக்குள் போய்ச் சேரும் என்பதை, வீட்டில் யார் எத்தனை மணிக்கு வேலைக்குப் புறப்படுகிறார்கள் என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கடலூர்க் கரையிலும் சிதம்பரத்துக் கடைமடையிலும் வேலை பார்த்த காலம் முழுக்க நான் கண்டது இதைத்தான்.

எங்கள் சித்தப்பா இதற்கு முந்தைய கதையைச் சொல்வார். 1953இல் அவருக்கு ஒன்பது வயது. ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு மாற்றத் திட்டம் வந்தது. நகராட்சி அல்லாத ஊர்களில் பிள்ளைகளுக்கு நாளைக்கு 3 மணி நேரம் பள்ளி, மிச்சப் பொழுது பெற்றோரின் தொழிலைப் பழகுவது. பள்ளிக்கூடம் போதாமல் இருந்த காலம் அது. இரண்டு முறையாக வகுப்பு வைத்தால் அதே வாத்தியார், அதே கட்டடத்தில் இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு சொன்ன நியாயம். பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. ராஜாஜி பதவி விலகி, 1954 ஏப்ரலில் காமராஜர் வந்தார். மே மாதம் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்.

ஒரே ஒரு பள்ளியாண்டுதான். ஆனால் சித்தப்பா அதற்குப் பிறகு முழு நாள் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. "மத்தியானத்துக்கு மேல தறியில உக்காந்து பழகிட்டேன். காசும் வந்துச்சு. அப்புறம் யாரு என்னை பள்ளிக்கூடத்துல உக்கார விடுவா?" என்பார். கடைசிவரை கையெழுத்துப் போடத் தெரியும், கடிதம் படிக்கத் தெரியாது. குலக்கல்வி தப்பு என்பதற்கு எனக்கு மேடைப் பேச்சு எதுவும் தேவைப்பட்டதில்லை, வீட்டில் சித்தப்பா இருந்தார். திட்டம் கைவிடப்பட்டது நல்லது. அதோடு பெற்றோரின் தொழிலுக்கும் பள்ளிக்கும் இனித் தொடர்பில்லை என்று எண்ணிக்கொண்டதுதான் கோளாறு. திட்டம்தான் போயிற்று, வேலை வீட்டில் அப்படியே இருந்தது. மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளையை மனதில் வைத்தே புத்தகமும் கால அட்டவணையும் எழுதப்பட்டன.

1986இல் கடலூர் முதுநகருக்குக் கிழக்கே, உப்பனாற்றைத் தாண்டி மணல்மேட்டில் இருந்த மீனவ ஊர் ஒன்றில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. படகில் ஆற்றைக் கடந்து போக வேண்டும். காலை ஒன்பதரைக்கு முதல் பாடவேளை கணக்கு. காலையில் பிள்ளைகளுக்கு மூளை தெளிவாக இருக்கும் என்று எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான். எங்கள் பள்ளியில் அந்த நேரத்துக்கு வகுப்பில் பாதிப் பேர்கூட இருக்கமாட்டார்கள். விடியலுக்கு முன் போன கட்டுமரங்கள் கரை சேர்வதும் மீன் ஏலம் போவதும் அந்த நேரத்தில்தான். மரத்தைத் தள்ளவும் வலையிலிருந்து மீனைப் பிரிக்கவும் பையன்கள் கையை நீட்டுவார்கள், ஆளுக்கு ஒரு பிடி மீன் கிடைக்கும். ஏலத்தில் எடுத்த மீனைக் கூடையில் ஏற்றிக்கொண்டு அம்மாக்கள் திருப்பாதிரிப்புலியூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று பஸ் பிடித்துப் போய்விடுவார்கள். மூத்த பெண் பழையதைப் பிழிந்து தம்பி தங்கைகளுக்குப் போட்டு, தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு வர மணி பத்தரை ஆகும். கணக்கு அதற்குள் முடிந்துவிடும்.

இப்படியாக அந்த ஊரில் பல ஆண்டுகளாகக் கணக்குப் பாடத்தைப் பாதி வகுப்புதான் கேட்டிருக்கிறது. மீனவப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று ஒரு பேச்சும் கூடவே வளர்ந்திருந்தது.

அப்போது இருந்த தலைமையாசிரியர் அந்தக் கரையோரத்துக்காரர். நான் கேட்டதும் கால அட்டவணையைத் திருப்பிப் போட ஒத்துக்கொண்டார். முதல் வேளை கதை, பாட்டு, படித்துக் காட்டுவது. பதினொரு மணிக்கு மேல் கணக்கு. பாடத்திட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை, வேளை மாறியது. ஆய்வுக்கு வந்த அதிகாரி அட்டவணையைப் பார்த்துவிட்டு, விதிப்படி இல்லையே என்றார். "சார், விதிப்படி போட்டா வகுப்புல பெஞ்சுதான் இருக்கும்" என்றார் தலைமையாசிரியர். அதிகாரி அரை நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் எழுதாமல் போனார்.

அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று சொன்னவர்கள் ஏலம் நடக்கும்போது கரையில் நின்றிருக்க மாட்டார்கள். பின்னம் நடத்துகிற வாரத்தில் புத்தகத்தில் இருந்த வட்டப் படத்தை விட்டுவிட்டுப் பங்கைப் பற்றிக் கேட்டேன். கிடைத்த பணத்தில் செலவைக் கழித்து, மரத்துக்கும் வலைக்கும் தனிப் பங்கு ஒதுக்கி, ஆளுக்கு ஒரு பங்கு, புதிதாகக் கடலுக்கு வரும் பையனுக்கு அரைப் பங்கு. ஆறு ஆள், ஒரு பையன், வலைக்கும் மரத்துக்குமாக இரண்டு பங்கு என்றேன். எட்டரைப் பங்கு என்று நாலைந்து குரல் ஒன்றாக வந்தது. ஒரு பையன் தொகையையே பங்கு போட்டுச் சொல்லிவிட்டு, மிச்ச ரூபாய்க்கு டீ குடிப்பார்கள் என்றும் சேர்த்துச் சொன்னான். அதையே எண்ணாக எழுதச் சொன்னால் பென்சில் அசையவில்லை. வாயிலிருந்து தாளுக்கு அதை இறக்க எங்களுக்கு அந்தப் பருவம் முழுவதும் பிடித்தது. குறிஞ்சிப்பாடித் தெருவில் நாங்கள் இருந்த அதே நிலைமை.

வெகுநாள் கழித்து ஒரு பயிற்சி முகாமில் பிரேசில் நாட்டு ஆய்வு ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ரெசிஃபே நகரத்துச் சந்தையில் இளநீரும் பழமும் விற்ற 5 பிள்ளைகளை டெரெசினா காராஹர் முதலான மூவர் ஆராய்ந்து 1985இல் வெளியிட்டது. சந்தையில் வாடிக்கையாளராகப் போய்க் கேட்டபோது நூற்றுக்கு 98 விடை சரி. அதே வகைக் கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரி. பயிற்சியில் இருந்தவர்கள் வியந்தார்கள். எனக்கு உப்பனாற்றங்கரை முகங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வலையையும் பங்கையும் பாடத்துக்குள் கொண்டுவருவது பிள்ளையைத் தாளுக்கும் எண்ணுக்கும் கூட்டிப்போகத்தான். மீனவர் பிள்ளைக்கு மீன் கணக்குப் போதும் என்று அங்கேயே நிறுத்திக்கொள்கிறவர்கள் 1953க்குத்தான் திரும்பிப் போகிறார்கள்.

புத்தகத்தில் அடிக்கடி ஒரு வரி வரும்: வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வா. அந்த வரியைக் கண்டாலே எனக்கு வருத்தமாக இருக்கும். அப்பா நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கடலுக்குப் போகிறவர், ஏழு மணிக்குள் தூங்கிவிடுவார். அம்மா கூடையை இறக்கும்போது இருட்டியிருக்கும். ஒருமுறை ஓர் அம்மாவை நிறுத்தி, பிள்ளையின் நோட்டை ஒரு பார்வை பார்க்கக்கூடாதா என்று கேட்டேன். "வெடிகாத்தால கெளம்புறேன் டீச்சர். வந்து சோறாக்குறதுக்குள்ள அது தூங்கிடுது. நான் பாக்குறதே அதோட தூங்குற மூஞ்சியதான்" என்றாள். அன்று முதல் அந்த வரி வரும் பயிற்சிகளை வகுப்பிலேயே, மத்தியானம், ஊர்ப் பாட்டி ஒருவரைத் திண்ணையில் உட்கார வைத்துச் செய்தோம். பழைய வலை வகை, காற்றின் பெயர்கள், புயல் அடித்த ஆண்டுகள் என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். பெற்றோர் கூட்டத்துக்கும் தேதி குறிப்பதை விட்டோம். காற்று ஏறி யாரும் கடலுக்குப் போகாத நாளில் ஒரு பையனை அனுப்பித் தண்டோரா போடச் சொல்வார் தலைமையாசிரியர். அப்பாக்கள் பள்ளிக்குள் வந்து உட்கார்ந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

2001இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஏப்ரல் 15இலிருந்து 45 நாள். 2017 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன் இனப்பெருக்கத்துக்கு அது வேண்டியதுதான். விசைப்படகுக் கூலிக்குப் போகும் குடும்பங்களுக்கு அதன் கடைசி வாரங்கள் பள்ளி திறக்கும் நாளோடு ஒட்டி வந்தன. நோட்டு, பை, செருப்பு வாங்க வேண்டிய ஜூனில் வீட்டில் காசே இருக்காது. ஆறாம் வகுப்புக்கு டவுனுக்குப் போக வேண்டிய பிள்ளைகள் ஜூலையில்தான் சேர்வார்கள், அதற்குள் முதல் பாடங்கள் முடிந்திருக்கும். பின்னாளில் பையும் செருப்பும் அரசே கொடுக்கத் தொடங்கியபோது, அதை இலவசம் என்று இளக்காரமாகப் பேசியவர்களோடு நான் வாதாடியிருக்கிறேன். அந்தச் செருப்பு முதல் மாதப் பாடத்தைப் பிள்ளைக்கு மீட்டுக் கொடுத்தது.

2003இல் சிதம்பரம் பக்கம் மாறுதல் ஆனது. சிதம்பரத்துக்கும் கிள்ளைக்கும் நடுவே ஒரு கடைமடை ஊர். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தாலும் இங்கே தண்ணீர் வந்து சேர வெகு நாளாகும். நடவு புரட்டாசி, ஐப்பசியில். கார்த்திகை மழையில் கொள்ளிடமும் வாய்க்கால்களும் புரண்டு வந்து பயிரையும் தெருவையும் மூழ்கடிக்கும் ஆண்டுகள் உண்டு. தையில் அறுவடை. அறுவடைக்குப் பத்து நாளுக்கு முன்பே நெல்லுக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். பங்குனியில் அதைப் பிடுங்கி அடிப்பார்கள். எங்கள் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் போதும், வயலில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். காலாண்டுத் தேர்வு முடிந்து வந்தால் நடவு, ஆண்டுத் தேர்வுக்குத் தயாராகும்போது உளுந்து. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பொதுத்தேர்வுக்கு நடுவே விடுமுறை வந்தால் உளுந்துக் காட்டில் நிற்பார்கள்.

சிதம்பரத்தில் இதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் சுவாமி சகஜானந்தர் நினைவுக்கு வருவார். 1890இல் ஆரணிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து சிதம்பரம் வந்து, 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியவர். மிராசுதார் வீட்டில் மாடு மேய்க்கவும் வயலில் இறங்கவும் கட்டுப்பட்டிருந்த ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்காக அவர் பள்ளியோடு நின்றுவிடவில்லை, விடுதியும் நடத்தினார். சோறும் படுக்கையும் பள்ளியிலேயே கிடைத்தால்தான் அந்தப் பிள்ளையின் மாலையும் காலையும் பிள்ளைக்குச் சொந்தமாகும். அந்தக் காலத்திலேயே இதைக் கண்டவர் அவர். சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்து 1959இல் மறைந்தார். அந்தப் பள்ளியில் படித்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இன்று சிதம்பரத்தைச் சுற்றி ஆசிரியர்களாக இருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்தவர்களிலேயே உண்டு.

எங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இடுப்பில் தம்பியோடு வருவாள். நடவு நாளில் அம்மா இருட்டோடு போய்விடுவாள், அங்கன்வாடி திறக்கும்வரை குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. வகுப்புக்குள் கைக்குழந்தை வரக்கூடாது என்றால் அவள் வீட்டிலேயே நின்றுவிடுவாள். வரட்டும் என்று முடிவு செய்தோம். அவள் எழுதும்போது நான் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாடம் நடத்தியிருக்கிறேன். 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் நாட்டில் முதலில் தொடங்கிய 200 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. பெண்களின் கையில் நேரடியாகக் கூலி வந்தது பெரிய காரியம். தேர்வுக் கட்டணத்தையும் நோட்டுச் செலவையும் அம்மாக்கள் யாரையும் கேட்காமல் கொடுத்தார்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட 5 குழந்தைகள் வேலையிடத்துக்கு வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று அந்தத் திட்டத்தின் சட்டமே சொல்லியிருந்தது. எங்கள் ஊரில் அதைக் கேட்டு வாங்கியது அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்ணின் அம்மாதான். பிறகு மகள் தனியாகவே பள்ளிக்கு வந்தாள்.

2007இல் தமிழகம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பரவிய முறை. அட்டைகள், ஏணிப்படி, பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை, அவர்கள் செய்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். அதைக் குறை சொன்ன ஆசிரியர்கள் நிறைய. எனக்கும் சில குறைகள் தெரிந்தன, எழுத்துப் பயிற்சி குறைந்தது உண்மை. ஆனால் கடைமடை ஊருக்கு அதைப் போல ஒத்துவந்த முறை வேறொன்றை நான் பார்க்கவில்லை. நடவுக்குப் போய் பத்து நாள் கழித்து வந்த பிள்ளை, தான் விட்ட படியில் தானே அட்டையை எடுத்து உட்காரும். வகுப்பு அவளைத் தாண்டிப் போயிருக்காது. எல்லாரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற முறையில் பத்து நாள் வராத பிள்ளை அந்தப் பத்து நாளை ஆண்டு முழுவதும் துரத்தும்.

அடுத்து 2012இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. புத்தகச் சுமை குறைந்தது நல்லது. 60 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு. செயல்திட்டங்கள் அதில் அடங்கும். செயல்திட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் சார்ட் அட்டை, படம், பசை என்று ஆகிவிட்டது. சிதம்பரத்துக் கடைகளில் விலங்குகள், தலைவர்கள், போக்குவரத்து என்று வகை வகையாகப் படத்தாள் தொங்கும். அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளையின் அட்டையை அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து செய்து அனுப்புவார்கள். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை கைப்பட வரைந்த மாட்டுக்கு மதிப்பெண் குறையும். அந்த 40இல் பாதி பெற்றோரின் சம்பளத்துக்குப் போட்ட மதிப்பெண் என்பதைக் கூட்டங்களில் நான் எழுந்து சொன்னேன். எங்கள் பள்ளியில் வீட்டில் செய்துவரும் அட்டையை வாங்குவதை நிறுத்தினோம். எல்லாச் செயல்திட்டமும் பள்ளி நேரத்துக்குள், வெள்ளி பிற்பகலில், பள்ளியில் இருக்கும் பொருளை வைத்துத்தான்.

கிள்ளையை ஒட்டி இருளர் குடியிருப்புகள் உண்டு. பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டு வாய்க்கால்களில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். பிடித்ததைப் போட, பறியை வாயில் கடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வேலைக்குப் போகும் நேரத்தைக் கடல்நீரின் ஏத்தமும் வத்தமும் முடிவு செய்கின்றன, அது நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகிறது. இந்த வாரம் காலையில் வீட்டில் இருக்கும் அம்மா அடுத்த வாரம் காலையில் தண்ணீரில் இருப்பாள். அவர்கள் பிள்ளைகள் சில வாரம் நேரத்துக்கு வருவதும் சில வாரம் வராததும் ஒழுங்கீனம் என்றே பதிவாகி வந்தது. எங்கள் பள்ளியின் இளைய ஆசிரியர் ஒருவர் மாத நாட்காட்டியில் வத்த நேரத்தைக் குறித்து வைத்தார், எந்த நாளில் யார் தாமதமாவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தது. அதற்கேற்ப அந்தப் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினார். மழை ஓய்ந்ததும் சில குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விடும். அங்கே பக்கத்துப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தால் அது வேறு பாடத்தில் இருக்கும், திரும்பி வந்தால் இங்கே வேறு. இவ்வளவையும் தாண்டிப் பத்தாம் வகுப்புக்கு வந்தால் பழங்குடிச் சாதிச் சான்றிதழுக்காக அலுவலக வாசலில் நிற்க வேண்டும். பெற்றோர் சூளைக்கும் தண்ணீருக்கும் போகிறவர்கள் என்பதால் அலையவும் ஆள் கிடையாது. சான்றிதழ் இல்லாமல் படிப்பை விட்டவர்களை நான் அறிவேன். இது அந்த அலுவலகங்கள் வெட்கப்பட வேண்டிய விஷயம்.

2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, பள்ளி நேரம் போக மற்ற வேளையில் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று எழுதினார்கள். பள்ளி நேரம் போக என்பது விடியற்காலையும் இருட்டிய பிறகும்தான். தார் சுற்றிய கைக்கு அந்த வாசகத்தின் பொருள் நன்றாகவே புரியும்.

கொரோனாவில் பாடம் முழுவதுமே வீட்டுக்குப் போயிற்று. கல்வித் தொலைக்காட்சியில் வகுப்பு, கைபேசியில் வீட்டுப்பாடம். அந்தக் கைபேசி அப்பாவின் சட்டைப்பையில் திருப்பூருக்கோ சென்னைக் கட்டட வேலைக்கோ போயிருந்தது. பள்ளி திறந்தபோது மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்கு ஒன்றாம் வகுப்பு எழுத்துகள் தெரியவில்லை. 2021 அக்டோபர் 27இல் மரக்காணம் பக்கத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டது. மாலை 5 முதல் 7 வரை அந்தந்தத் தெருவின் பெண்களே தன்னார்வலர்களாக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு மாலையில் கூட உட்கார ஓர் ஆள் வேண்டும் என்பதை அரசு ஏற்றுக்கொண்டது. என் பணிக்காலத்தின் கடைசியில் நான் மனம் நிறைந்து பார்த்தது அதுதான்.

2022இல் ஓய்வு பெற்றேன். அந்த ஆண்டு செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பிறகொரு நாள் உப்பனாற்றங்கரைப் பள்ளிக்குப் போயிருந்தேன். எட்டரை மணிக்கே பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள், மூத்த பெண்களும் தம்பி தங்கைகளோடு வந்திருந்தார்கள். முதல் பாடவேளையில் கணக்கு நடந்தது, வகுப்பு நிறைந்திருந்தது. நாங்கள் அட்டவணையைத் திருப்பிச் சமாளித்ததை ஒரு கிண்ணம் உப்புமா நேராகவே தீர்த்துவிட்டது.

இன்னும் தீராமல் இருப்பது நாட்காட்டியும் வீட்டுப்பாடமும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், ஆறிலிருந்து எட்டு வரை 220 நாள் என்கிறது. எந்த 200 நாள் என்று அது சொல்லவில்லை. அதன் 9ஆவது பிரிவு, கல்வி நாட்காட்டியை முடிவு செய்யும் கடமையை உள்ளாட்சி அமைப்பிடம் கொடுத்திருக்கிறது. 2010 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் சட்டம் இது. ஆனால் கிள்ளைக்கும் பண்ருட்டிக்கும் கோயம்புத்தூருக்கும் ஒரே நாட்காட்டி சென்னையிலிருந்து வருகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குப் பேர் பெற்றோர் என்பதும் அதே சட்டம். அந்தக் கூட்டத்தை வேலைநாள் பிற்பகலில் வைத்தால் கையெழுத்துக்கு ஆள் வருமே தவிரப் பேச ஆள் வராது.

ஊராட்சித் தலைவர்களுக்கும் மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களுக்கும் நான் கேட்டுக்கொள்வது இது. மே 1 கிராம சபை பள்ளி திறப்பதற்கு ஒரு மாதம் முன்னால் வருகிறது. அந்தச் சபையில் ஒரு தீர்மானம் போடுங்கள்: நம் ஊரில் நடவு எந்த வாரம், உளுந்து எந்த வாரம், கரை ஏலம் எத்தனை மணிக்கு என்பதை எழுதி, அதற்கேற்பத் தொடக்க வகுப்புகளின் விடுமுறையையும் காலைப் பாடவேளையையும் மாற்றிக் கேளுங்கள். பெற்றோர் கூட்டம் இரவு ஏழு மணிக்கு மேல் வேண்டும் என்று எழுதுங்கள். பெற்றோரின் கையோ காசோ இல்லாமல் செய்ய முடியாத வீட்டுப்பாடம் எங்கள் பள்ளியில் வேண்டாம் என்று எழுதுங்கள். அதிகாரி கேட்டால் 9ஆவது பிரிவைக் காட்டுங்கள்.